சீதன ஓலையில் ஒரு மூதாட்டி

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் வமிசவரலாற்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். இன்னார் மகன் இன்னார், அவர் மகன் இன்னார் என ஆறேழு தலைமுறை ஆண்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஒருவர் உடையாராயிருந்தார், ஒருவர் கோயில் கட்டுவித்தார், ஒருவர் புகையிலை வியாபாரத்திற் பொருளீட்டினார் என்னும் செய்திகளும் இடையிடையே வரும். அவர்களைப் பெற்று வளர்த்த தாய்மாரின் பெயரோ பெரும்பாலும் இராது. 'இன்ன ஊரில் விவாகஞ் செய்தார்' என்பதோடு வரி முடிந்துவிடும். மூதாட்டியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஊரின் பெயர் நிற்கும்.

இதைக் கண்ட இளைஞர் பலர், பழங்காலத்துப் பெண்களைப்பற்றி அறிவதற்கு ஆதாரமே இல்லை என்று முடிவுகட்டி விடுகின்றனர். அது சரியான முடிவன்று. வமிசவரலாற்றில் மறைந்துபோன பெண், உறுதிப்பெட்டியில் இருக்கிறாள். அவளைத் தேடுவோர் இல்லாமையே குறை. இதனை எம் குடும்பத்து மூதாட்டியார் ஒருவரின் வாழ்வைக்கொண்டு இங்கே எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

அவர் எம் பூட்டியாரின் தாயார். வலிகாமத்துக் கிராமம் ஒன்றிற் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே மறைந்தவர். எழுத்தறியாதவர். அவருடைய பெயர் எம் குடும்பத்துச் சிறுமி ஒருத்திக்கு இன்றும் வழங்கிவருதலின், அக்குழந்தையின் பொருட்டு அதனை அச்சிடாது, அம்மையார் என்றே இங்கு குறிப்பிடுகின்றோம். அம்மையாரைப்பற்றி எம் வீட்டில் வழிவழியாக வழங்கிய கதை ஒன்றேயொன்றுதான். 'பனங்காணியை விற்றுத் தின்றவள்' என்பதே அது. நூறாண்டுக்கு மேலாக அவருக்கு இருந்த புகழ் அவ்வளவே. அது நீதியான தீர்ப்புத்தானா என்பதை ஏடுகளைக் கொண்டு விசாரிப்போம்.

தேசவழமையும் பெண்ணின் உரித்தும்

விசாரணைக்கு முன், நம் நாட்டு உறுதிகளிற் பெண்கள் பெயர் இத்துணை மிகுதியாக வருவதற்குக் காரணம் என்ன என்பதை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் பழைய வழமைகளை ஒல்லாந்த அரசினர் எழுத்திற் பதிவித்தனர். திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அவற்றைத் திரட்டினார். பன்னிரு தமிழ் முதலிமார் பார்வையிட்டு ஒப்புக்கொண்டபின், 1707ஆம் ஆண்டில் அவை தேசவழமை என்னும் பெயராற் சட்டமாயின. பின்வந்த ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனையே நிலைநிறுத்தினர்.

தேசவழமை ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படுத்தும். முன்னோர் வழியாக வந்தது முதுசம். பெண்ணுக்கு விவாகத்திற் கொடுக்கப்படுவது சீதனம். விவாகத்தின்பின் இருவரும் ஈட்டியது தேடியதேட்டம். சீதனம் பெற்ற பெண், பெற்றார் விட்டுச்செல்லும் ஆதனத்தில் வேறு பங்கு கேட்டல் இயலாது. ஆகவே சீதனமே அவளுடைய பங்கு முழுவதுமாம். அப்பெண் பிள்ளையின்றி இறப்பின், அச்சீதனம் கணவனைச் சேராது அவளுடைய சகோதரிகளிடம் திரும்பிச் செல்லும். இத்தகைய விதிகள் இருந்தமையால், எந்தக் காணி எந்தப் பெண்ணுக்குரியது என்பதை எழுதிவைத்தல் இன்றியமையாததாயிற்று.

தாய் தன் சீதனத்தை மகளுக்குக் கொடுப்பாள். மகள் அதனைத் தன் மகளுக்குக் கொடுப்பாள். இவ்வாறு ஒரே வளவு நான்கைந்து தலைமுறை பெண்வழியே செல்வதுண்டு. ஒவ்வொரு முறையும் எழுதப்படும் உறுதியில், 'எனக்கு என் தாய் இன்னாள் சீதனமாகத் தந்தபடி உரித்தும் ஆட்சியுமாயிருக்கிற காணி' என்னும் கருத்துப்பட ஒரு வரி வரும். அந்த வரியே நமக்கு ஏணி. அதன் ஒவ்வொரு படியிலும் ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது. குடும்பத்தின் வமிசாவளி தந்தைவழியே ஏறிச் செல்ல, வளவின் வமிசாவளி தாய்வழியே ஏறிச் செல்வதை அங்கே காணலாம்.

ஆயினும் இதனைக் கொண்டு, அக்காலப் பெண் முழுச் சுதந்திரம் உடையவளாயிருந்தாள் என்று எண்ணிவிடலாகாது. காணி அவளுடையதாயினும், கணவனுடைய சம்மதமின்றி அதனை அவள் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் பின்னர் பலவற்றை மாற்றியபோதும், அசையா ஆதனத்துக்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்னும் விதியை மாற்றவில்லை. உரித்து அவளுக்கு, ஒப்பம் அவனுக்கு என்பதே அன்றைய நிலை.

சாதக ஓலையும் சீதன ஓலையும்

எம் குடும்பப் பெட்டியில் அம்மையாரைக் காட்டும் முதற் சான்று அவருடைய சாதக ஓலை. அதில் விகிர்தி வருஷம் என்றிருக்கிறது. நம் வருஷங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. ஆகவே விகிர்தி என்பது 1830ஆகவும் இருக்கலாம், 1890ஆகவும் இருக்கலாம். வருஷப்பெயரை மட்டும் கண்டு ஆண்டைக் கூறுவோர் ஒரு தலைமுறையையோ இரண்டையோ தவறவிடுவர். வேறொரு ஏட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

அந்த வேறோர் ஏடு சீதன ஓலை. அதிற் குறித்த பணம் பவுண், சிலிங் கணக்கில் இருக்கிறது. இலங்கையில் 1872ஆம் ஆண்டு முதல் ரூபாயும் சதமுமே கணக்கு நாணயமாயின. ஆகவே பவுண் கணக்கில் எழுதிய சீதன ஓலை அதற்கு முற்பட்டது. 1890இற் பிறந்தவருக்கு 1872க்கு முன் சீதனம் கொடுத்தல் கூடாமையின், அம்மையார் பிறந்த விகிர்தி 1830 என்பது துணிபாயிற்று. அவ்வோலை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரு சாட்சிகளுடன் முடிக்கப்பட்டிருப்பதும் இதற்கு இசைவானதே. காணிக் கைமாற்றங்கள் நொத்தாரிசு முன்னிலையிலேயே எழுதப்படல் வேண்டும் என்று விதித்தது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம்.

சீதன ஓலையைச் சற்று நிதானமாக வாசித்தல் வேண்டும். காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நாற்புற எல்லை, அதிலுள்ள வீடு, பனை, தென்னை, பயன்தரும் மரங்கள், கிணற்றிற் பங்கு, தண்ணீர் அள்ளுதற்கும் வாய்க்காலுக்கும் வழிவாய்க்காலுக்குமான உரித்து என்பன முறையே சொல்லப்படும். பின்னர் தோடு, காப்பு, அட்டியல் முதலிய நகைகள் வரும். இவற்றை வெறும் பட்டியல் என்று தள்ளிவிடல் ஆகாது. கிணற்றிற் பங்கு என்பது சிறு செய்தியா? ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் கிணறே உயிர். எந்தக் கிணற்றில் எத்தனை பேருக்குப் பங்கு என்பதை அறிந்தால், அம்மையார் நாள்தோறும் காலையில் யார் யார் முகத்தில் விழித்தார் என்பதையும் அறியலாம்.

எல்லைகளைப் பாருங்கள். கிழக்கெல்லையில் தமக்கையாரின் சீதனக்காணி. மேற்கெல்லையில் தாயாரின் சகோதரியும் பங்காளரும். ஒரு வளவைத் துண்டாடிப் பெண்மக்களுக்குக் கொடுத்துவந்தமையால், அயலெல்லாம் சிறிய தாய், பெரிய தாய், சகோதரிகள் என அமைந்திருக்கிறது. வமிசவரலாற்றில் ஒருவரியும் பெறாத பெண்கள் நால்வரை ஒரே ஓலையின் எல்லைக்குறிப்பிற் கண்டோம். அவர்கள் அடுத்தடுத்த வேலிகளுக்குள் வாழ்ந்தவர்கள் என்பதும் அதனாலேயே புலனாயிற்று.

ஓலையின் இறுதியில் தகப்பனார் கையெழுத்து இட்டிருக்கிறார். தாயார் இட்டது புள்ளடி. அம்மையாரும் பிற்காலத்தில் எல்லா உறுதிகளிலும் புள்ளடியே இட்டார். உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824ஆம் ஆண்டில். அம்மையார் பிறக்கும்போதே அங்குப் பெண்கள் எழுதப் பழகிக்கொண்டிருந்தனர். ஆயினும் சைவக் குடும்பங்கள் பெரும்பாலும் தம் பெண்களை அங்கு அனுப்பவில்லை. சைவப் பெண்களுக்கென மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி எழுந்ததோ 1913இல். இடைப்பட்ட காலமெல்லாம் புள்ளடியின் காலம்.

ஒற்றியும் கைம்மையும்

அம்மையாரின் கணவர் புகையிலைச் செய்கையும் வியாபாரமும் உடையவர். அந்நாளில் யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருந்தொகையாக ஏற்றப்பட்டது. நல்ல விலை போன ஆண்டிற் கல்வீடு எழும். விலை விழுந்த ஆண்டிற் காணி ஒற்றிக்குப் போகும். எம் பெட்டியிலுள்ள மூன்றாவது ஏடு ஓர் ஒற்றியுறுதி. ஒற்றி என்பது, கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவித்துக்கொள்ளும் முறை. ஒற்றிவைக்கப்பட்டது கணவரின் முதுசமன்று. அம்மையாரின் சீதனமான தோட்டக்காணியும் அதிலுள்ள கிணற்றுப் பங்குமாம். கடன் வியாபாரத்தின் பொருட்டுப் பட்டது என்பதும் உறுதியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. கணவரின் கையெழுத்து, அதன்கீழ் அம்மையாரின் புள்ளடி. தொகை பவுணில் இருக்கிறது.

அடுத்த ஏட்டில் அம்மையாரின் அடையாளம் மாறிவிடுகிறது. இன்னாரின் பெண்சாதி என்று எழுதப்பட்டவர், இன்னாரின் கைம்பெண் என்று எழுதப்படுகின்றார். கணவர் வாந்திபேதி கண்டு ஒரே இரவில் இறந்தார் என்பது வீட்டில் வழங்கும் செய்தி. 1866, 1867ஆம் ஆண்டுகளில் அந்நோய் யாழ்ப்பாணத்தைப் பெரிதும் வாட்டியது. பல கிராமங்களில் எடுத்துச் செல்வாரின்றிப் பிணங்கள் கிடந்த காலம் அது. அம்மையாருக்கு அப்பொழுது வயது முப்பத்தாறு, முப்பத்தேழு. பெண்மக்கள் மூவர், ஆண்மகன் ஒருவன். சீதனத் தோட்டம் பிறர் கையில்.

இவ்விடத்தில் தேசவழமையின் இன்னொரு விதியை நினைவுகூர்தல் தகும். தந்தை முந்தி இறந்தால், தாய் மறுவிவாகஞ் செய்யாதிருக்கும்வரை ஆதனம் முழுவதும் அவள் கையில் இருக்கும். பெண்மக்களுக்குச் சீதனம் கொடுக்க வேண்டியவளும் அவளே. அதுவரை இரண்டாவது வரியிற் புள்ளடியிட்ட பெண், அன்று முதல் உறுதியின் முதல்வரிக்கு வருகிறாள். இது உரிமை என்றே சொல்லலாம். ஆனால் கடனும் குமர்களும் நிறைந்த வீட்டில் அவ்வுரிமை எவ்வளவு பாரமானது என்பதைப் பெரியோர் அறிவர்.

இனிப் பனங்காணியின் கதைக்கு வருவோம். அதனை விற்ற அறுதியுறுதி எம் பெட்டியில் இருக்கிறது. விற்றவர் அம்மையார்தாம். புள்ளடியும் அவருடையதே. விற்ற காலம் தாது வருஷத்தை ஒட்டிய பஞ்சகாலம். 1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் ஏழைகள் உணவின்றித் தவித்தனர். நல்லூர் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோரைக் காத்தது அக்காலத்திலேயே. பஞ்சத்திற் காணி விற்கப்பட்டமையால், விற்றுத் தின்றாள் என்ற பேச்சு எழுந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த அறுதியுறுதியை மட்டும் வாசித்து நிறுத்திவிடலாகாது. முன்சொன்ன ஒற்றியுறுதியைத் திருப்பிப் பாருங்கள். அதன் பின்புறத்தில், ஒற்றிப்பணம் முழுவதும் செலுத்தப்பட்டுக் காணி மீட்கப்பட்டது என்னும் குறிப்பு இருக்கிறது. தொகை ரூபாய்க் கணக்கில் எழுதப்பட்டுள்ளது. பவுண் ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்று கணக்கிட்டாற் பழைய தொகைக்கு அது சரியாக வருகிறது. தேதியைப் பார்த்தோம். பனங்காணி விற்ற அதே மாதம். விற்ற விலையையும் மீட்ட தொகையையும் ஒப்பிட்டோம். விலையில் ஏறக்குறைய முழுவதும் மீட்புக்கே போயிருந்தது.

பின்னைய ஆண்டுகளில் எழுந்த சீதன உறுதிகள் மூன்று. மீட்கப்பட்ட தோட்டம் மூன்று பெண்மக்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கிணறு மூவருக்கும் பொது. பெண்மக்களில் இளையவர் எம் பூட்டியார். எம் குடும்பம் இன்றும் தண்ணீர் அள்ளும் கிணறு அதுவே. விளைவு குறைந்த பனங்காணியைக் கைவிட்டு, கிணறுள்ள தோட்டத்தை மீட்டு, மூன்று பெண்மக்களைக் கரைசேர்த்த ஒருவரையே, விற்றுத் தின்றவள் என்று நாம் நான்கு தலைமுறையாகச் சொல்லிவந்தோம். இழந்த காணியைக் கதை நினைவில் வைத்திருந்தது. காத்த காணியை ஏடுகள் நினைவில் வைத்திருந்தன.

அம்மையாரின் இறுதி ஏடு ஒரு தருமசாதனம். ஊர் அம்மன் கோயிலில் விளக்கேற்றுதற்கு இரண்டு பரப்புக் காணியின் வருவாயை அவர் எழுதிவைத்தார். பெரிய தருமமன்று. கடன் தீர்ந்தபின் தம் விருப்பப்படி அவர் செய்த செயல் என்று நாம் அறியக்கூடியது அது ஒன்றே. அவர் இறந்த திதியை எம் வீட்டார் திவசத்தால் மறவாது காத்தனர். மாதமும் பட்சமும் திதியும் தெரிந்திருந்தன, வருஷம் தெரியவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கு வகைசெய்த 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, மரணப் பதிவேட்டில் வருஷமும் கிடைத்தது. நம் சமயாசாரமும் அரசாங்கப் பதிவும் ஆளுக்குப் பாதி சொல்ல, முழு நாள் கிடைத்தது.

உறுதியில்லாதவர்கள்

இவ்வளவு கூறியபின், கூறாது விடலாகாத ஒன்று உண்டு. எல்லோருடைய பூட்டியும் காணியுறுதி பெற்றவரல்லர். தேசவழமை ஆதனத்தைப்பற்றி மட்டும் பேசவில்லை. அடிமைகளைப்பற்றியும் பேசுகிறது. பழைய சீதன ஏடுகளிற் காணியோடும் நகையோடும் ஆட்களும் எழுதப்பட்டனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன் ஓர் அடிமைப் பெண்ணின் பெயர் எழுத்தில் வந்தால், அது பெரும்பாலும் பிறருடைய உறுதியில், பிறருடைய உடைமையாகவே வந்தது. அவளுடைய வழித்தோன்றல்களும் இன்று நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுக்குப் பெட்டியும் இல்லை, ஓலையும் இல்லை.

ஆதலால், நம் வீட்டு ஏடுகளில் அத்தகைய பெயர்கள் காணப்படின், வெட்கத்தால் அவற்றை மறைத்தலும் கிழித்தலும் பெரும் பிழையாம். இன்னொரு குடும்பத்துக்குத் தம் மூதாட்டியைக் காட்டும் ஒரே சான்று நம் பெட்டியிற் கிடக்கலாம். நம் முன்னோரின் பெருமையை மட்டும் தேடுபவன் வரலாறு எழுதுபவனாகான்.

இளைஞர் செய்யத்தக்கன

ஏடுகள் அழியும் வேகம் பெரிது. செல்லும் மழையும் ஒருபுறம் அரித்தன. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, அச்சு நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, உறுதிப்பெட்டியைத் தலையிற் சுமந்து சென்றவர்களும் உண்டு, விட்டுச்சென்று திரும்பிவந்து வெறும் நிலத்தைக் கண்டவர்களும் உண்டு. போரிற் கணவரை இழந்த பெண்கள் பலர், தம் காணி தமது என்று காட்டுதற்கு ஓர் ஏடுமின்றி அலுவலகந்தோறும் அலைந்தனர். அம்மையாரின் காலத்தில் மட்டுமன்று, நம் காலத்திலும் ஒரு பெண்ணின் கையிலுள்ள உறுதியே அவள் நிற்கும் நிலம்.

ஆகவே சங்கத்து இளைஞர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் இத்தொண்டைத் தொடங்குதல் வேண்டும். முதலாவது, பெட்டியைத் திறக்குமுன் வீட்டிலுள்ள மூத்த பெண்களிடம் கேளுங்கள். அம்மம்மாமாருக்குக் காணிப்பெயர்கள் தெரியும், எந்தக் காணி யாருடைய சீதனம் என்பதும் தெரியும். ஏடு இன்னும் பல ஆண்டு இருக்கலாம், அவர்கள் இருப்பார்கள் என்பது நிச்சயமில்லை. இரண்டாவது, ஒவ்வோர் உறுதியிலும் வரும் பெண்களின் பெயர்களை, தாய் யார், மகள் யார், எல்லைக்காரி யார் என்று தனித்தனியே எழுதுங்கள். பேத்திக்குப் பாட்டியின் பெயரை இடும் வழக்கம் நம்மிடம் உண்டாதலால், ஒரே பெயர் வருமிடத்தில் இருவரை ஒருவராக்கிவிடாதீர்கள். மூன்றாவது, பெட்டியில் இல்லாத உறுதியைக் காணிப் பதிவகத்தில் தேடுங்கள். 1863ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் பதியப்பட்டவற்றின் குறிப்புக்களை அங்குக் காணலாம். நான்காவது, ஓலையை எண்ணெயிட்டுத் தேய்த்தோ வெயிலிற் காயவைத்தோ நீங்களே செப்பனிட முயலாதீர்கள். உள்ளபடியே படம்பிடித்துப் பிரதியெடுத்து, பிரதியை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமும் கொடுத்து வையுங்கள்.

பெரியோர்களுக்கும் எம் வேண்டுகோள் ஒன்று உண்டு. காலாவதியான உறுதி என்று பழைய ஏடுகளை அடுப்பிலிடாதீர்கள். வழக்குக்கு உதவாத ஏடு வரலாற்றுக்கு உதவும். காணி கைமாறிப் போயிருக்கலாம், ஆயினும் அந்தக் காணியைக் காத்தவர் யார் என்னும் செய்தி கைமாறுவதில்லை.

எம் குடும்பத்து வமிசவரலாற்றில் அம்மையாருக்குரிய இடத்தில் இதுவரை ஊர்ப்பெயர் ஒன்றே இருந்தது. இப்பொழுது அவர் பெயரையும், தாயார் பெயரையும், தாயாரின் தாயார் பெயரையும் எழுதிச் சேர்த்திருக்கின்றோம். பனங்காணியை விற்றார் என்பதையும் மறைக்கவில்லை. எதற்காக விற்றார் என்பதை அடுத்த வரியில் எழுதியிருக்கின்றோம். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு வரி எழுதப்பட வேண்டியிருக்கிறது. அதனை எழுத முன்வருவோர்க்கு எல்லாம்வல்ல இறைவன் துணைநிற்பானாக.